உரியவர் சம்மதம்

உரக்கக் கேட்பவனுக்குத் தலைவலி மாத்திரை வேண்டும். குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் கேட்பவனுக்கு வேறு ஏதோ வேண்டும். மருந்துக்கடைக் கவுன்டரில் நின்று நின்று அவள் கற்றுக்கொண்ட பாடம் இது. ஆகவே வீட்டில் கணவனின் குரல் தாழ்ந்த அன்றே அவள் காது நிமிர்ந்துவிட்டது.

அவனோ பிறவிச் சத்தக்காரன். தொலைபேசி அலுவலகத்தில் லைன் பழுது பார்க்கிற வேலை. நாள் முழுக்க "ஹலோ, கேக்குதா? இப்பக் கேக்குதா?" என்று கத்திக் கத்தி, வீட்டில் துண்டு எங்கே என்று கேட்டால்கூடத் தெருவுக்கே கேட்கும். அப்படிப்பட்டவன் போனை உள் அறைக்குத் தூக்கிக்கொண்டு போய், கதவைச் சாத்திக்கொண்டு, குசுகுசுவென்று பேச ஆரம்பித்தான். அவள் கதவைத் திறந்தால் "சரிங்க சார், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவான். அந்தச் சார் ஒரு பொம்பளை என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். ஒருநாள் மணி அடித்தபோது அவளே எடுத்தாள். "அவர் இருக்காரா?" என்றது ஒரு பெண் குரல். நீங்க யாருங்க என்று கேட்டதும் லைன் கட்டாகிவிட்டது.

ஒருநாள் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுக் கடைக்குப் போனவள், எடுக்கத் திரும்பி வந்தாள். உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள். தன் வீட்டிலேயே திருடியைப் போல நிற்கிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நின்றாள்.

"பிரிவு உறுதிதானே மேடம்? அப்ப எனக்குப் பயமில்ல."

எதிர்முனை சொன்னதைக் கேட்டுக்கொண்டான். பிறகு, "கொள்கையெல்லாம் வேணாம் மேடம். அதை நம்பிக் கோர்ட்டுக்குப் போக முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? உரிமைதான் முக்கியம். எனக்கு உரிமை இருக்கில்ல?"

கடைசியில் அவள் நெஞ்சில் கல்லைத் தூக்கிப் போட்டான். "வீட்ல இன்னும் சொல்லல. சமயம் பார்த்து நானே சொல்றேன்."

கண்ணாடியை எடுக்காமலே கடைக்குத் திரும்பினாள். அன்றைக்கு இருமல் மருந்து கேட்டவருக்கு அஜீரண மருந்தை எடுத்து வைத்தாள். நல்லவேளை, அவர் படிக்கத் தெரிந்தவர்.

பிரிவு உறுதி. கோர்ட். வீட்டில் சொல்லவில்லை. ஒரு பெண்டாட்டிக்கு இதற்குமேல் விளக்கவுரையா வேண்டும்? பிரிவைக்கூடப் பொறுத்துக்கொள்வாள் போலிருந்தது, அந்த 'உரிமை'தான் அவளைப் போட்டு வதைத்தது. கல்யாணமான புதிதில் அவளிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கக் கூசியவன், இன்று எவளோ ஒருத்தியிடம் எனக்கு உரிமை இருக்கில்ல என்று குழைகிறான்!

அதற்குப் பிறகு அவன் எது செய்தாலும் குற்றம். அவளுக்குப் புதுச் செருப்பு வாங்கி வந்தான். மனசாட்சி உறுத்துகிறது போல, அதுதான் வாங்கியிருக்கிறான் என்று நினைத்தாள். சாப்பாட்டைப் பாதியில் வைத்து எழுந்தான். அவள் கைச் சமையல் இப்போதே கசக்கிறதோ? ஒருநாள் துணிந்து கேட்டுவிட்டாள்.

"ஆபீஸ்ல ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்லையே."

"எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"என்ன சொல்லணும்? ஒண்ணுமில்ல." சற்றுப் பொறுத்து, எங்கோ பார்த்துக்கொண்டு, "உன் தம்பி எப்படி இருக்கான்? அவன் வேலையெல்லாம் நல்லாப் போவுதாமா?" என்றான்.

தம்பி மேல் இது என்ன திடீர்க் கரிசனம்? அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது, அதாவது புரிந்ததாக நினைத்தாள். அப்பா அம்மா இல்லாதவளைத் திருப்பி அனுப்புவதென்றால் தம்பி வீட்டுக்குத்தானே அனுப்ப வேண்டும்? அங்கே இடம் இருக்கிறதா என்று விசாரிக்கிறான்.

தம்பிக்கும் அதே தொலைபேசி அலுவலகத்தில்தான் வேலை. ஆனால் மாடியில், பெயர்ப்பலகை இல்லாத ஓர் அறையில். அங்கே என்னடா வேலை என்று கேட்டால் "காது வேலைக்கா" என்று சிரிப்பான். சந்தேகத்தை வயிற்றில் நெருப்பாகக் கட்டிக்கொண்டு திரிந்த அவளுக்கு, அந்தக் காது வேலை மேல் மட்டும் ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. கூடப்பிறந்தவன் இல்லையா!

அலுவலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் அவனைப் பிடித்தாள்.

"உன் மாமா போன்ல யார்கிட்ட என்ன பேசறாருன்னு எனக்குத் தெரியணும்டா."

தம்பி டீயை ஆற்றிக்கொண்டே அவளைப் பார்த்தான். "கேட்டுச் சொல்லலாம். ஆனா சும்மாக் கேக்க முடியாதுக்கா, சட்டம்னு ஒண்ணு இருக்கு. லைன் யார் பேர்ல இருக்கு?"

"எம்பேர்லதான். நீதானேடா வாங்கிக் குடுத்தே."

"அப்பச் சரி. உரியவர் சம்மதம் இருந்தாத் தப்பே இல்ல. நீ வாயால சொல்லு. கேக்கலாமா?"

"கேளு. ஒரு வார்த்தை விடாமக் கேளு."

தம்பி வந்து நின்றது மருந்துக்கடையில் கூட்டம் நெருக்குகிற நேரத்தில். அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த மாத்திரையை அப்படியே வைத்தாள். அவனோ சிரிப்பை அடக்க முடியாமல் கவுன்டரில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

"அக்கா, நீ ஒரு லூசு. பிரிவுன்னா சட்டப் பிரிவு! அரசமைப்புச் சட்டத்துல வர்ற ஒரு பிரிவு. அடிப்படை உரிமை, அரசுக்கு வழிகாட்டும் கொள்கை, அந்தக் கதைதான் ரெண்டு பேரும் பேசறாங்க. அந்தம்மா ஒரு வக்கீல். பேரனுக்குக் காய்ச்சல், நாளைக்குப் பேசலாம்னு வெச்சுட்டாங்க. பேரன் எடுத்த கிழவிக்கா!"

அவள் சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதாள். மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் கேட்கத் தோன்றியது. "வக்கீல் எதுக்குடா அவருக்கு?"

"அது ஆபீஸ் விஷயம். நீ நிம்மதியா இரு. நான் பார்த்துக்கறேன்."

எதற்கெல்லாமோ சந்தேகப்பட்டவள் அந்த 'நான் பார்த்துக்கறேன்' மேல் சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா? இதை நினைத்தால் எனக்கே ஆத்திரம் வருகிறது. அவளோ அன்று மாலை கணவனுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறி, அவனைக் கலவரப்படுத்தினாள். என்ன விசேஷம் என்று கேட்டவனிடம் "ஒண்ணுமில்லையே" என்றாள், அவனைப் போலவே.

அந்த வாரமே ஒரு நடுப்பகலில் கடைக்கு வெளியே வந்து நின்றான் கணவன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பின்பக்கம் மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருந்த சந்துக்கு அவளைக் கூட்டிப்போய்ப் பேசினான்.

"என்னை வேலையிலேர்ந்து நிறுத்தி வெச்சுட்டாங்க."

"ஐயையோ, எதுக்கு?"

"மாடி ரூம்ல ஊர்ல பேசறதையெல்லாம் கேக்கறாங்க. பத்திரிகைக்காரங்க, சங்கத்து ஆளுங்க, அரசாங்கத்தைத் திட்டறவங்க, எல்லாரையும். ஒரு கோர்ட் ஆணை கிடையாது. அதுக்கெல்லாம் ஒயர் இழுத்துக் குடுத்தது நான்தான். ராத்திரி தூக்கம் வரல. கோர்ட்ல போய்ச் சொல்லிடலாம்னு ஒரு வக்கீலம்மாவைப் பிடிச்சேன். இன்னிக்குப் பெரிய அதிகாரி கூப்பிட்டு, நான் பேசின பேச்சை எனக்கே திருப்பிச் சொல்றாரு, வார்த்தைக்கு வார்த்தை."

அவள் ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? உன் தம்பி அந்த ரூம்ல இருக்கான். அவன் பேரை மட்டும் விட்டுடுங்கன்னு வக்கீலம்மாகிட்டக் கெஞ்சிட்டிருந்தேன். அது முடிவானதும் சொல்லலாம்னு நினைச்சேன். உன்னை எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நிறுத்த வேணாம்னு பார்த்தேன்."

கெஞ்சியதையும் தம்பி கேட்டிருக்கிறான். ஒரு வார்த்தை விடாமல் கேள் என்று சொன்னது அவள்தான். கேட்டுவிட்டுத்தான் அதிகாரியிடம் போய்ச் சொல்லியிருக்கிறான், பிறகு கவுன்டரில் தலை சாய்த்துச் சிரித்திருக்கிறான்.

"அந்த வக்கீலம்மாதான் என்னை வித்துட்டாங்க," என்றான் அவன். "வேற யாருக்குத் தெரியும்? நேர்ல போய்க் கேக்கப் போறேன்."

"நானும் வரேன்," என்றாள்.

வக்கீலம்மாவின் அறை ஒரு செருப்புக்கடைக்கு மேலே இருந்தது. படியேறும்போதே புதுத் தோல் நாற்றம். வெள்ளை முடியைக் கொண்டை போட்ட அந்த அம்மாள், அவன் குற்றம் சாட்டியதை முழுசாகக் கேட்டுக்கொண்டார். கோபமே வரவில்லை.

"என்னைச் சந்தேகப்படறது நல்லதுதான். எம்பேரனோட காய்ச்சலைப் பத்திச் சொன்னாரா உங்க அதிகாரி?"

"சொன்னாரு. பேரன் எப்படி இருக்கான்னு நக்கலாக் கேட்டாரு."

"உங்களை விக்கறவ எம்பேரன் காய்ச்சலையுமா சேர்த்து விப்பேன்? உங்க வீட்டு லைனைக் கேட்டிருக்காங்க." சொல்லும்போதே அவர் குரலில் உற்சாகம் ஏறியது. "அவசரப்பட்டு நமக்கு நல்லதுதான் பண்ணியிருக்காங்க. இதுவரைக்கும் நீங்க ஊரார் சார்புல சாட்சி. இப்ப உங்க உரிமையிலயே கை வெச்சுட்டாங்க. உங்க வழக்காவே போடலாம். வேலையும் திரும்பக் கிடைக்கும்."

மேசையில் இருந்த தடித்த புத்தகத்தைப் பிரித்து அந்தப் பிரிவைப் படித்தார். "வீட்டிலும் கடிதத்திலும் தொலைபேசிப் பேச்சிலும், உரியவர் சம்மதமோ நீதிமன்ற ஆணையோ இன்றி, அரசு தலையிடலாகாது." கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஆணை கிடையாதுன்னு நமக்குத் தெரியும். லைன் யார் பேர்ல இருக்கு?"

"இவ பேர்லதான் மேடம்."

"அப்பக் கவலையே இல்ல. நான் யாருக்கும் சம்மதம் குடுக்கலைன்னு இவங்க ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும்."

ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் அவள் முன்னால் வந்தன. கணவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். எத்தனையோ நாளுக்குப் பிறகு மறைக்க எதுவும் இல்லாத சிரிப்பு. கையெழுத்துப் போட்டுவிடலாம். தம்பி தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள டீக்கடைப் பேச்சை ஒருநாள் வெளியே இழுப்பான், இழுக்காமலும் போகலாம். அவளைத் தடுத்தது அந்தப் பயமில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே பொய் எழுத அவளுக்குக் கை வரவில்லை.

"நான் குடுத்தேன்," என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். கையில் செருப்போடு கதவோரம் நின்றதை, பிரிவு என்ற சொல்லைக் கேட்டதை, தம்பியையும் டீக்கடையையும், கேளு என்று தன் வாயால் சொன்னதை. பிரிவு என்றதும் வக்கீலம்மாவுக்குச் சிரிப்பு எட்டிப் பார்த்தது, தம்பி என்றதும் அடங்கிவிட்டது. அவர் புத்தகத்தை மூடினார்.

கணவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பாள், அழுதிருப்பாள், ஒரு வழியாக வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றான்.

"கேட்டேன். ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க."

அவன் தலையை ஆட்டினான். அதுவும் உண்மைதான் என்று ஒத்துக்கொள்வதுபோல் இருந்தது. அவள் பக்கம் திரும்பாமலே, வக்கீலம்மாவிடம் மரியாதையாகக் கேட்டான்.

"மேடம், இனிமே நாம இவ இருக்கும்போது பேசலாமா?"

வக்கீலம்மா பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நான் வெளியில உக்காந்திருக்கேன்," என்றாள். பரவாயில்லை, இரு என்று சொல்ல அந்த அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவரும் சொல்லவில்லை.