ஒப்புக்கொள்ளாதவன்

“ஒத்துக்கிடச் சொல்லுங்க மைனி. ஒரு வார்த்தைதான? சாயங்காலமே அண்ணன் வீட்ல இருப்பான்.”

கோர்ட்டுக்குக் கிளம்பி நின்ற இசக்கிச்செல்வியைக் கொழுந்தன் செல்வகணேஷ் வாசலில் மறித்தான். வெள்ளிக்கிழமை அவன் தங்கை சுதாராணிக்குப் பூ வைக்க எப்போதும்வென்றான் ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். மூத்த அண்ணன் சீனி வெளியூரில் வேலையாக இருக்கிறான் என்றே அவர்களிடம் சொல்லி வைத்திருந்தது.

“எடுக்காத மோட்டார எடுத்தேன்னு சொல்லச் சொல்லுதீகளா?”

“அவன் எடுக்கலன்னு நமக்குத் தெரியும்லா. போதாதா?”

அவள் பஸ்ஸுக்கு நடந்தாள்.

கிணற்று மோட்டார் காணாமல்போன அன்று கிணற்றுக்காரர் யாரையும் விசாரிக்கவில்லை. நேரே காலனித் தெருவைக் கைகாட்டினார். அதிலும் அவள் புருஷன் சீனியை. கூலிக்குப் போன இடத்தில் குனிந்து கையேந்தித் தண்ணீர் குடிக்க மாட்டேன், செம்பில் கொடுங்கள் என்று ஒருநாள் கேட்டவன் அவன்.

நாற்பத்தொரு நாளாக உள்ளே இருக்கிறான். ஜாமீன் மனு மூன்று தடவை வந்தது. மாஜிஸ்திரேட் மாற்றலாகிப் போனபிறகு அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. பொறுப்புக்கு வேறு ஊரிலிருந்து வாரம் ஒருநாள் வருகிறவர் முதல் தடவை வரவில்லை. இரண்டாம் தடவை அவர் வந்தார், அரசு வக்கீல் இல்லை. மூன்று கோர்ட்டுக்குச் சேர்த்து அந்த வக்கீல் ஒருவர்தான். மூன்றாம் தடவை இருவரும் இருந்தார்கள், கேஸ் கட்டைக் கொண்டுவர வேண்டிய போலீஸ்காரரைத் திருவிழா பந்தோபஸ்துக்கு அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் தீப்பெட்டி ஆபீசில் லீவு சொல்லிவிட்டு வந்து, வெறுமனே திரும்பினாள்.

இன்றும் அரசு வக்கீல் இல்லை.

“அவரக் கேக்காம ஜாமீன் குடுக்க மாட்டாங்க. பத்து நாள் வாய்தா,” என்றாள் இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீல் சுகுணா.

“ஒத்துக்கிட்டா?”

சுகுணா தரையைப் பார்த்தாள். “ஒத்துக்கிட்டா வாதாட யாரும் வேண்டாம். உள்ள இருந்த நாளே தண்டனைன்னு இன்னைக்கே விட்ருவாங்க. ஆனா திருடன்னு எழுதினது எழுதினதுதான். நான் ஒத்துக்கிடச் சொல்ல மாட்டேன்க்கா.”

காவல் நீட்டிப்புக்காகச் சீனியைக் கூட்டி வந்திருந்தார்கள். வராந்தாவில், பைக் திருட்டுக் கேஸில் பிடிபட்ட ஜேம்ஸ்ராஜ் என்பவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். தாடிக்குள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“சுதாவுக்குப் பூ வைக்காகளாமே. ஒத்துக்கிடட்டுமாட்டி?”

சரியென்று சொல்லிவிடத்தான் பஸ்ஸில் வரும்போது நினைத்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

“இன்னும் பத்து நாள் இருந்துருவீகளா?”

“இருந்துருவேன். திருடன்னு பேரு வாங்கிட்டு வந்து அந்தத் தெருவுல நடக்கத்தான் முடியாது.”

“அப்ப எடுக்கலன்னே சொல்லுங்க.”

அதற்குமேல் நின்றால் அழுதுவிடுவோம் என்று நகர்ந்துகொண்டாள்.

முதலில் ஜேம்ஸ்ராஜை அழைத்தார்கள். “எடுத்தேங்கய்யா,” என்றான். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அடுத்து சீனி. “நான் எடுக்கலய்யா,” என்றான். காவலை நீட்டித்து வேனில் ஏற்றினார்கள்.

திரும்பும் பஸ்ஸில் ஜேம்ஸ்ராஜ் பெண்டாட்டியோடு முன்சீட்டில் இருந்தான். கோவில்பட்டி தாண்டியதும் மெல்லத் திரும்பினான்.

“அக்கா, அண்ணாச்சி நெசமாவே எடுக்கலையா?”

“எடுக்கல.”

“நான் எடுத்தேன்க்கா. அதான் வீட்டுக்குப் போறேன்,” என்றான், தலையைக் குனிந்துகொண்டு.

அவள் தனியாக இறங்கி வருவதைப் பார்த்ததுமே செல்வகணேஷுக்குப் புரிந்துவிட்டது. “கெடுத்துட்டீகளே மைனி! மாப்ள வீட்டுக்கு இப்ப என்னத்தச் சொல்ல?”

வீட்டுக்குள்ளிருந்து வந்த சுதாராணி, அண்ணன் கையிலிருந்த போனை வாங்கி அவளே மாப்பிள்ளை வீட்டு நம்பரை அழுத்தினாள்.

“அத்தே, சுதாராணி பேசுதேன். பெரியண்ணன் வெளியூருக்குப் போகல. ஜெயில்ல இருக்கான். எடுத்தேன்னு சொல்லியிருந்தா இன்னைக்கே விட்ருப்பாங்க, எடுக்கலன்னு சொல்லிட்டான். தெரிஞ்சே வாரதுன்னா வெள்ளிக்கிழம வாங்க.”

சுதாராணி போனை வைக்காமல், பதிலுக்காகக் காதோடு பிடித்தபடியே நின்றாள்.