அகப்பைக்கும் அதே விதி

சூரியன் எழுவதற்கு முன்பே எங்கள் துறைமுக ஊர் சிம்போத்தே எழுந்து நாறத் தொடங்கிவிடும். மீன்தூள் ஆலைகளின் புகையும் கடல்மூட்டமும் ஒன்றாகக் கலந்து தெருவில் இறங்கும். அந்த மஞ்சள் இருட்டைக் கிழித்துக்கொண்டு ரப்பர் பூட்சுகள் சதக் சதக்கென்று வரும். முதலாளி தோன் ரெனாத்தோவின் மீன்டப்பா ஆலைக்கு வேலைக்கு வரும் பெண்கள். ஆலை வாசலுக்கு நேர் எதிரே என் கஷாய வண்டி. வாற்கோதுமையும் ஆளிவிதையும் கொதிக்கும் குவளையை வாங்கியதும் யாரும் குடிக்கமாட்டார்கள். முதலில் இரண்டு கையாலும் பிடித்து விரல்களைச் சூடேற்றிக்கொள்வார்கள். ஈரத்தில் ஊறி வெடித்த விரல்கள்.

நான் ஊர்வம்புக்குப் போகிறவள் அல்ல. கேட்டால் சொல்வேன், அவ்வளவுதான். சில சமயம் கேட்காதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கஷாயம் ஆறும்வரை மனிதர்கள் சும்மா நிற்கக்கூடாது அல்லவா?

உள்ளே வெந்த சூரைமீனைக் கொதிக்கக் கொதிக்க மேஜையில் கொட்டுவார்கள். ஆறட்டும் என்று காத்திருந்தால் தட்டு நிறையாது. தோலைச் சுரண்டி, முள்ளைப் பிரித்து, கருஞ்சதையை வழித்தெறிந்து, வெள்ளைச் சதையை மட்டும் தட்டில் அடுக்க வேண்டும். தட்டுக்குத்தான் கூலி. கத்தி அவரவர் வீட்டுக் கத்தி. தீட்டித் தீட்டி விரலைவிட மெலிந்துபோன கத்தி, ஏப்ரனின் பையிலேயே குடியிருக்கும். கோவிலுக்குப் போகும்போதுகூட மறந்துபோய் அதோடு போய்விடுவார்கள்.

அந்த வருஷம் தட்டு பெரிதானது. கூலி பெரிதாகவில்லை.

"மீனு வளந்துருச்சு, அதான் தட்டும் வளந்துருச்சு" என்றானாம் மேஸ்திரி வில்மர்.

"உன் மூளை மட்டும் ஏன்டா அப்படியே நிக்குது?" என்று கேட்டவள் நெலிடா.

நெலிடாவைச் சொல்லியாக வேண்டும். மூட்டை தூக்குகிறவனின் தோள், சங்கு ஊதுகிறவனின் தொண்டை. ஊர் நியாயம் முழுக்க அவள் வாயில் இருக்கும். வீட்டுப் பாத்திரம் முழுக்க அவள் தம்பி மனைவி பிரிமித்தீவாவின் கையில் இருக்கும். நெலிடா தன் வாழ்நாளில் ஒரு சட்டியைக் கவிழ்த்துக் கழுவியதில்லை என்பது தெருவுக்கே தெரியும். தெரியாதவர்களுக்கு நான்தான் சொன்னேன். அந்தத் தம்பி லீமாவுக்குப் போய் வேறொருத்தியோடு ஒட்டிக்கொண்டதும், பிரிமித்தீவா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மணல்மேட்டில் ஒரு பாய்க்குடிசைக்குக் குடிபோய்விட்டாள். நெலிடா தடுக்கவில்லை. இருவருக்கும் பேச்சு நின்றது. பிறகு நெலிடா அடுத்த வீட்டுக்காரியின் சட்டியில் சாப்பிட்டாள்.

ஆலைக்குள் நுழைந்ததும் சுவரில் ஒரு கண்ணாடிச் சட்டம் தொங்கும். அதில் நிறுவனத்தின் நன்னடத்தை விதிகள். வெளிநாட்டு வியாபாரிகள் வரும் நாளில் அதை ஈரத்துணியால் துடைப்பார்கள். கண்ணியம், பாதுகாப்பு, மரியாதை எல்லாம் அதில் பளபளக்கும். மற்ற நாட்களில் வில்மர் தன் தொப்பியை அதன் மூலையில் மாட்டி வைப்பான்.

மீன் வேகவைக்கும் நீராவிப் பெட்டியின் கதவுத் தாழ்ப்பாள் தேய்ந்துபோய் வெகுநாள். கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அந்தக் கம்பி அறுந்தது. எதிரே நின்றவள் ஸெனோபியா. எனக்கு முதலில் கேட்டது வெடிச்சத்தம். அதற்கப்புறம் கேட்டதை மனிதக் குரல் என்று நான் நினைக்கவில்லை. அவளை வாசலுக்குத் தூக்கி வந்தபோது நெலிடா அவள் கையுறையைக் கழற்றப் பார்த்தாள். கையுறையோடு தோலும் வந்தது. வெந்த சூரைத் தோல் எப்படி வருமோ, அப்படி. ஆயிரம் தோல் உரித்த அந்தப் பெண்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி என் வண்டிச் சக்கரத்தின் மேல் வாந்தி எடுத்தாள்.

மறுநாள் தோன் ரெனாத்தோ வாசலுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, வாசனைத் தைலம், பக்கத்தில் வில்மர். வில்மர் கையில் அந்தக் கண்ணாடிச் சட்டம்!

"பிள்ளைகளா, எனக்கும் வருத்தம்தான். ஆனா விதி ஒண்ணு இருக்கில்ல? ஒன்பதாவது விதி: தொழிலாளி தன் பாதுகாப்புக்குத் தானே பொறுப்பு. ஸெனோபியா கதவுக்கு நேரா நின்னிருக்கக் கூடாது. விதியை மீறினவளுக்கு நிறுவனம் எதுவும் தர முடியாது. வேலையும் இல்ல."

"கதவுக்கு நேரா நிக்காம மீனை எங்கருந்து எடுக்கறது முதலாளி? கூரை வழியாவா?" என்றாள் நெலிடா.

"பேச்சைக் குறைச்சுக்கோ. அதுக்கும் விதி இருக்கு."

"தாழ்ப்பாளைக் கம்பியால கட்டுனவனுக்கு ஏதாவது விதி இருக்கா? கொஞ்சம் தேடிப் பாருங்களேன். தொப்பிக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கப் போகுது."

சிரிப்பு எழுந்தது. வில்மர் சட்டென்று தொப்பியைக் கழற்றி நெலிடாவின் முகத்தில் அறைந்தான். நெலிடாவின் கை ஏப்ரன் பைக்குப் போனது. நான் பார்த்தேன். எல்லா ஏப்ரன் பைகளுக்கும் எல்லாக் கைகளும் போயின.  தோன் ரெனாத்தோ பயப்படவில்லை. அவர் கண்ணில் ஒரு ஆசை தெரிந்தது. குத்துங்கள், குத்துங்கள் என்று கெஞ்சுகிற மாதிரி. முந்தைய வேலைநிறுத்தத்தில் ஒருத்தியின் பையில் கத்தி இருந்ததைப் படம் பிடித்துப் போட்டுத்தான் போலீஸ் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போனது.

நெலிடா வெறுங்கையை வெளியே எடுத்தாள். "வாங்கடி, போவோம்" என்றாள். ஆலைக்குள் ஒருத்தியும் போகவில்லை.

எங்கே போனார்கள்? என் வண்டிக்குத்தான். அங்கேயே பொதுச்சட்டி வைப்பதென்று முடிவானது. ஆளுக்கொரு கிழங்கு, ஆளுக்கொரு பிடி அரிசி. அங்கேயே ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு நெலிடா கரித்துண்டை எடுத்தாள்.

"அவனுக்கு ஒரு விதிப் பலகைன்னா நமக்கும் ஒண்ணு. முதல் விதி: கத்தி வாசலுக்கு வரக்கூடாது. எல்லாக் கத்தியும் கஷாயக்கார அக்கா வாளியில."

"கத்தி இல்லாம கை நடுங்குதுடி" என்றாள் ஒருத்தி.

"நடுங்கட்டும். அடுத்தது: போராட்டம் முடியறவரை குடி கிடையாது."

"புருஷன்மாருக்கும் சேர்த்து எழுது!"

"முதலாளிகிட்ட தனியாப் போயி யாரும் பேசக்கூடாது. எல்லார் முன்னாடியும்தான் பேச்சு."

"வதந்தி பரப்பக்கூடாதுன்னு போடு" என்றது ஒரு குரல். எல்லோரும் ஏன் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"யாரையும் நாம முதல்ல அடிக்கறது இல்ல. பஸ்ஸுல ஏறி வேலைக்கு வர்ற கருங்காலியா இருந்தாலும் சரி" என்று எழுதிய நெலிடா, கடைசியாகக் கரியை அழுத்தி ஒரு வரி போட்டாள். "மீறினவ எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் வாசலையும் பேச்சையும் விட்டு விலகி, கூட்டம் திரும்பக் கூப்பிடறவரை பொதுச்சட்டி கழுவணும். அடிபட்டவளுக்குத்தான் முதல் கிண்ணம்."

கைகள் உயர்ந்தன. என் வாளி கத்திகளால் நிறைந்தது.

திங்கட்கிழமை விடியலில் பஸ் வந்தது. ஜன்னலெல்லாம் கம்பிவலை. மணல்மேட்டுப் பெண்களை ஏற்றி வந்திருந்தார்கள். எங்கள் ஆலைப் பெண்கள் வாசலை மறித்து நின்று கத்தினார்கள். கூட்டத்தில் பஸ் திணறி நின்றது. வில்மர் கதவைத் திறந்து ஒவ்வொருத்தியாகக் கீழே தள்ளினான். மூன்றாவதாக இறங்கியவள் பிரிமித்தீவா.

நெலிடா அப்போது பொதுச்சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். கையில் இரும்பு அகப்பை.

"நீயாடி? ஸெனோபியா தோலு இன்னும் அந்தக் கதவுல ஒட்டியிருக்குடி!"

"எம் புள்ளைக்குப் பாலு உங்க தம்பியா அண்ணி வாங்கித் தர்றாரு? நகருங்க!"

அகப்பை காற்றில் ஏறியதை நான் பார்த்தேன். இறங்கியதை எல்லோரும் கேட்டார்கள். பிரிமித்தீவா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது, ரத்தத்தோடு ஒரு பல்லும். கிளறிய அகப்பையில் இருந்த கிழங்குத்துண்டு அவள் தலைமுடியில் ஒட்டியிருந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

வில்மர் அவளை மறுபடி பஸ்ஸுக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டு போனான். வாசலுக்குள்ளிருந்து தோன் ரெனாத்தோ மெதுவாகக் கைதட்டினார்.

"அருமை! இதுதான் உங்க நன்னடத்தையா? அட்டையில அழகா எழுதியிருந்தீங்களே."

அன்று மதியம் கூட்டம் ரெண்டுபட்டது. "நெலிடா இல்லாம யாருடி பேசறது? இந்த ஒரு தடவை விதி தூங்கட்டும்" என்று பாதிப்பேர். "அவ கருங்காலிதானே, அடிச்சா என்ன?" என்றும் சிலர். நெலிடா அகப்பையைக் கீழே வைக்கவில்லை.

அப்போதுதான் ஸெனோபியா வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக, தலையும் கையும் கட்டுப்போட்டு, ஒற்றைக் கண் மட்டும் வெளியே தெரிய. யார் தோலுக்காகப் போராட்டமோ, அவளே வந்து நிற்கிறாள். எல்லோரும் எழுந்தார்கள்.

"கீழ இருக்கறவளுக்கு மட்டும் பாயற விதி ஏற்கெனவே ஒண்ணு கண்ணாடிக்குள்ள தொங்குது" என்றாள் ஸெனோபியா, உதடு அசையாமல். "அது என்னை என்ன பண்ணுச்சுன்னு பாருங்க. இன்னொண்ணு வேணாம்டி நெலிடா."

"நான் போயிட்டா அவன் உங்களை மென்னு துப்பிருவான்."

"மெல்லட்டும். அந்த அகப்பையைக் குடு."

நெலிடாவின் முகம் மாறிய விதத்தை எழுத எனக்குத் தெரியாது. கொன்றுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அகப்பையை ஸெனோபியாவின் நல்ல கையில் வைத்தாள். போய், சட்டிக்கு முன்னால் குந்தினாள். சாம்பலை எந்தப் பக்கம் தேய்ப்பதென்று தெரியாமல் விழித்தாள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. நான் மட்டும், கொஞ்சம்.

முதல் கிண்ணம் கஞ்சியை மணல்மேட்டுக்கு எடுத்துப்போகும் பொறுப்பை யாரும் எனக்குத் தரவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். வீங்கிய வாயோடு பிரிமித்தீவா குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"பல்லை உடைச்சவ சட்டியிலருந்து கஞ்சியா? கொண்டுபோயி அவ மூஞ்சியில ஊத்து அக்கா."

"ஊத்தலாம். ஆனா அவ குனிஞ்சு பாத்திரம் கழுவிட்டிருக்கா, முதுகுலதான் விழும்."

"யாரு?"

"உங்க அண்ணிதான். உன்னை அடிச்சதுக்குத் தண்டனை. வாசல்ல நிக்கக் கூடாது, பேசக் கூடாது."

"எனக்காகவா? நான் கருங்காலியாச்சே."

"கருங்காலியா இருந்தாலும்னுதான் அட்டையில எழுதியிருக்கு."

பிரிமித்தீவா சிரிக்கப் போய், வலியில் வாயைப் பிடித்துக்கொண்டாள். "பொய். அண்ணி பாத்திரம் கழுவுறாளாம்! உன் கஷாயத்துல என்னத்தைக் கலக்குற?" என்றாள். கிண்ணத்தை மட்டும் திருப்பித் தரவில்லை.

அடுத்த விடியலில் மூட்டம் கண்ணை மறைத்தது. பஸ்ஸுக்கு முன்னால் ஒரு லாரி வந்து நின்றது. அதிலிருந்து குதித்தவர்கள் கையில் இரும்புக் குழாய்கள். கேள்வி இல்லை, எச்சரிக்கை இல்லை. முதல் அடி பொதுச்சட்டிக்கு விழுந்தது; கொதிக்கும் கஞ்சி தெருவில் ஓடியது. இரண்டாவது ஒருத்தியின் முழங்காலுக்கு. எலும்பு முறியும் சத்தம் காய்ந்த விறகு முறிவதைப் போலவே இருந்தது. முடியைப் பிடித்து இழுத்தார்கள், விழுந்தவர்களை மிதித்தார்கள். தெருமுனையில் போலீஸ் ஜீப் நின்றது. அதன் மேல் ஒருவன் கேமராவைத் தயாராகப் பிடித்துக்கொண்டு எதற்கோ காத்திருந்தான். எதற்கு என்று எங்களுக்குத் தெரியும்.

"கத்தியைக் குடு அக்கா!" என்று நாலைந்து பேர் என் வண்டிக்கு ஓடி வந்தார்கள். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கிய ஒருத்தி என் கழுத்தையே பிடித்தாள். "குடுடி!"

நான் வாளியின் மூடிமேல் உட்கார்ந்துவிட்டேன். கடவுள் எனக்குக் கொடுத்த இடுப்பை ஊரே கேலி பேசும். அன்றைக்கு அது பயன்பட்டது. "அவன் படம் பிடிக்க நிக்கறான்டி! விதி போட்டது நீங்க! என்னை வெட்டிட்டு எடுங்க!" என்று அலறினேன். வெட்டவும் கத்தி வாளிக்குள்தான் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

சட்டிகளுக்கு நடுவே நெலிடாவை இரண்டு பேர் சூழ்ந்துகொண்டார்கள். அவள் நினைத்தால் இருவரையும் கடலில் எறிவாள். சட்டி மூடியைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். குழாய் விழ விழ மூடி நெளிந்தது. மூடி தப்பிய அடிகள் அவள் தோளிலும் விலாவிலும் இறங்கின. "கையைக் கோத்துக்கங்கடி!" என்று உள்ளிருந்து அந்தச் சங்குக் குரல் மட்டும் வந்தது. பேசக் கூடாது என்ற தண்டனையை அதற்காக யாரும் எடுத்துக்காட்டவில்லை.

பெண்கள் முழங்கையோடு முழங்கை கோத்து வாசலில் நின்றார்கள். விழுந்தவளை இருபக்கமும் நின்றவர்கள் தூக்கிப் பிடித்தார்கள்.

பஸ் அதற்குள் வந்து நின்றிருந்தது. கம்பிவலைக்குப் பின்னால் மணல்மேட்டுப் பெண்களின் முகங்கள். வில்மர் கதவைத் திறந்து, "இறங்குங்க, உள்ள ஓடுங்க" என்றான்.

பிரிமித்தீவா இறங்கினாள். உள்ளே ஓடவில்லை. நேராகச் சட்டிகளின் பக்கம் போனாள். குழாயை ஓங்கியவன் முன்னால் போய் நின்று, வீங்கிய வாயைத் திறந்து காட்டினாள்.

"இங்க ஏற்கெனவே ஒண்ணு போச்சு. இன்னும் எத்தனை வேணும்? எடுத்துக்க."

அவன் ஒரு கணம் தயங்கினான். அந்தக் கணத்தில் பஸ்ஸிலிருந்து இன்னொருத்தி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. பிறகு பஸ்ஸே காலியானது. வாசல் வரிசை இருமடங்கானதும் குழாய்க்காரர்கள் முதலாளியின் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜன்னல் சாத்தியிருந்தது. கேமராக்காரன் எடுக்க ஒன்றுமில்லாமல் கீழே இறங்கினான். லாரி கிளம்பியது, தூரமாக அல்ல, தெருமுனைவரை.

பிரிமித்தீவா என் வண்டிக்கு வந்து ஏப்ரன் பையிலிருந்து தன் கத்தியை எடுத்தாள். "எந்திரி அக்கா, இதையும் போடணும்." எழுந்தேன். மற்ற மணல்மேட்டுக்காரிகளும் வரிசையில் வந்து போட்டார்கள்.

ஆலைச் சங்கு ஊதியது. யாரும் அசையவில்லை. முழங்கால் முறிந்தவளை ஒரு கதவுப்பலகையில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மீதிப்பேர் தெருவில் சிந்திய கிழங்கைப் பொறுக்கினார்கள்.

கொஞ்ச நேரத்தில் வாசலின் சின்னக் கதவு திறந்து வில்மர் தலையை நீட்டினான். தொப்பி இல்லை. "முதலாளி நெலிடாகிட்ட மட்டும் பேசணுங்கறாரு. தனியா."

நெலிடா தலை நிமிரவில்லை. ஒரு கை தூக்க முடியாமல் தொங்கியது. மறுகையால் நெளிந்த சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிரிமித்தீவா அவள் பக்கத்தில் குந்தி, சட்டியைத் தன் பக்கம் திருப்பி உற்றுப் பார்த்தாள்.

"அண்ணி, அடியில கரி அப்படியே இருக்கு. நல்லா அழுத்தித் தேய்ங்க" என்றவள், அங்கிருந்தபடியே வில்மரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அவங்க பாத்திரம் கழுவிட்டிருக்காங்க. பேசணும்னா உங்க முதலாளியை இங்க வரச் சொல்லு. நாங்க எல்லாரும் இருக்கோம்."