உடையும் போல்ட்

நாற்பத்து மூவாயிரத்து எழுநூற்று ஐம்பது. என் மனைவியின் தம்பி எனக்குத் தர வேண்டிய பணம் அது. மரம் வெட்டும் காண்டிராக்டை எடுத்தவன் அவன், வெட்டியவன் நான். பதினோரு வாரக் கூலி நாற்பத்து மூவாயிரம். அறுந்துபோன அவனுடைய ரம்பத்துக்கு என் கைக்காசைப் போட்டுச் சங்கிலி வாங்கியது எழுநூற்று ஐம்பது. எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். "உங்க காசு எங்க மாமா ஓடிடப் போகுது?" என்பான். காசு ஓடவில்லை. என்னைத் தெருவில் பார்த்தால் அவன்தான் ஓடினான்.

அந்தக் காசு வந்தால்தான் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை எழும்பும். என் மனைவி தையல்காரி. இரண்டு மெஷின் போட்டிருந்த வாடகைக் கடையை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குள் கொண்டுவரலாமென்றால், நாங்கள் கால் நீட்டிப் படுப்பதற்கே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள வேண்டும். கொத்தனார் வந்து பின்பக்கம் கயிறு பிடித்துப் பார்த்தார். கயிறு நேராகப் போய் ஓர் அடிக்கட்டையின் மேல் உட்கார்ந்தது. அங்கே நின்ற மரத்தை வெட்டியவனும் நான்தான். அடிக்கட்டையை மட்டும் அப்புறம் பார்க்கலாம் என்று விட்டிருந்தேன். அடுத்தவன் தோட்டத்தில் நூறு கட்டை தோண்டியவனுக்குச் சொந்தக் கட்டையைத் தோண்ட உடம்பு வணங்கவில்லை.

"வெள்ளிக்கிழமை வர்றேன். இது இருந்துச்சுன்னா அப்படியே திரும்பிப் போயிடுவேன். அப்புறம் மூணு மாசத்துக்கு என்னைத் தேடாதீங்க" என்றார் கொத்தனார்.

திங்கட்கிழமை காலையில் மைத்துனன் தன் டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்தான். டிரெய்லரில் மஞ்சள் பெயிண்ட் அடித்த ஒரு மெஷின் கிடந்தது. அதன் ஒரு பக்கத்தில் தடித்த இரும்புச் சக்கரம், சக்கரத்தைச் சுற்றி விரல் நீளத்துக்குப் பற்கள்.

"என்னடா இது?"

"உங்க காசு" என்றான். "கட்டையை அரைச்சுத் தூளாக்குற மெஷின், மாமா. செகண்ட் ஹேண்ட்தான், ஆனா சிங்கம். வெலை நாப்பத்தஞ்சாயிரம். மேல இருக்கிற ஆயிரத்து எரநூத்தி அம்பதை நான் கேக்கல. அக்கா புருஷனாச்சேன்னு விட்டுட்டேன்."

"நான் மெஷின் கேட்டேனா?"

"காசு கேட்டீங்க. காசு செலவாகிப் போயிடும். இது சம்பாதிச்சுக் குடுக்கும். என் டிராக்டரை வாடகைக்கு எடுத்துக்குங்க, ஊர்ல உள்ள கட்டையெல்லாம் அரைங்க."

என் கூலிக்கு எனக்கே ஒரு வேலையைக் கொடுத்து, அதற்கு என்னிடமே வாடகையும் கேட்கிறான். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். 'கணக்கு முழுவதும் தீர்ந்தது' என்று எழுதி, கீழே கோடு போட்டு வைத்திருந்தான்.

"இதுல ஒரு கையெழுத்து. இல்ல, பழைய பழக்கத்துல கட்டைவிரலா? கட்டைக்குக் கட்டைவிரல், பொருத்தமாத்தான் இருக்கும்" என்று அவனே சிரித்துக்கொண்டான்.

நான் நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கற்றவன். தொழிலாளர் சங்க அலுவலகத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. அதை வைத்து அவன் சிரிப்பது இது முதல் தடவையல்ல.

"முதல்ல கட்டை போகட்டும். அப்புறம் கையெழுத்து" என்றேன். கட்டையைப் பார்த்தேன், வெள்ளிக்கிழமையை நினைத்தேன். மெஷின் ஓடினால் ஓடட்டும் என்றுதான் இருந்தது.

பலகையைச் சாய்த்து மெஷினை இறக்கி, டிரெய்லரைக் கழற்றினோம். டிராக்டரின் பின்னால் இருக்கும் இரண்டு கைகளையும் மெஷினின் காதுகளுக்கு நேராகக் கொண்டுவருவதற்குள் அவன் நான்கு தடவை முன்னும் பின்னும் ஓட்டினான். இடது பக்கத் துளைக்குள் பூட்டும் பின் விழுந்தது. வலது பக்கம் ஒரு விரல் அகலம் தள்ளி நின்றது. கடப்பாரையை விட்டு நெம்பினேன். அவன் சீட்டில் உட்கார்ந்தபடி "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று தாளம் போட்டான். மேல் கம்பியைத் திருகி மெஷினை மட்டத்துக்குக் கொண்டுவந்ததும் நான். டிராக்டரிலிருந்து மெஷினுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டை மாட்டியதும் நான். அது குழாய்க்குள் குழாயாக நீண்டு சுருங்கும். மெஷினைத் தூக்கும்போதும் இறக்கும்போதும் முட்டாமல் இருக்கிறதா என்று அவனை ஏற்றி இறக்கச் சொல்லிப் பார்த்தேன். முட்டவில்லை.

ஷாஃப்டின் மெஷின் பக்க முனையில் ஒரு போல்ட். தலையைத் துடைத்துப் பார்த்தால் பத்து புள்ளி ஒன்பது என்று வெட்டியிருந்தது. ரம்பப் பட்டறையிலும் லாரி ஷெட்டிலும் இரும்பைத் தொட்டவனுக்கு அது தெரியும். சாமானியத்தில் உடையாத ரகம். அதற்கு மேலே, மஞ்சள் மூடியில், பழைய சொந்தக்காரர் வெள்ளைப் பெயிண்டில் கையால் ஏதோ எழுதியிருந்தார். கிரீஸும் மரத்தூளும் அப்பி முக்கால்வாசி மறைந்திருந்தது. குனிந்து எழுத்துக் கூட்டினேன்.

"இத... ஏதோ. உ, டை, யு... உடையும். உடையும் போல்ட் மட்டும் போடவும்."

அவன் டிராக்டரிலிருந்து இறங்கி வந்து பார்த்தான். பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தான்.

"மாமா, உடையுற போல்ட்டை எவனாவது போடச் சொல்லுவானா? அது 'உடைய'. இதனுடைய போல்ட். இந்த மெஷினோட போல்ட்டை மட்டும் போடணும்னு எழுதியிருக்கான். கூட்டிப் படிக்கிறேன்னு பிரிச்சுப் படிக்கிறீங்களே!"

"ய-வுக்குக் கீழ கோடு இறங்குது பாரு. அது யு."

"அது பெயிண்ட் வழிஞ்சது."

"அப்ப இங்க முன்னாடி என்ன போல்ட் இருந்துச்சு?"

"ஒரு சொத்தை போல்ட். வாங்கின அன்னிக்கு என் கொல்லையில ஓட்டிப் பார்த்தேன், ரெண்டு தடவை பட்டுனு போச்சு. அதான் நல்லதா நானே ஒண்ணு வாங்கிப் போட்டேன். அதுக்கும் காசு கேக்கல."

இரண்டு தடவை உடைந்தது என்று அவன் வாயாலேயே சொன்னான். அப்போதே நான் ஸ்பேனரை எடுத்திருக்க வேண்டும். சமையலறை ஜன்னலில் என் மனைவி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, உன் வீட்டுக்காரர் புலவர் ஆயிட்டாரு, இனிமே பேசக்கூட பயமா இருக்கு" என்று அவளைப் பார்த்துக் கத்தினான். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் படித்து நான்கு வருடம். அவன் ஸ்கூலுக்குப் போனவன். பெயிண்ட் வழிந்திருக்கவும் கூடும். என்ன ஜென்மமோ நான், கண்ணால் பார்த்த எழுத்தை விட்டுவிட்டு அவன் சிரிப்பை நம்பினேன்.

"சரி, ஓட்டு" என்றேன்.

ஓட்டினான். குறை சொல்லக் கூடாது, மெஷின் நன்றாகத்தான் வேலை செய்தது. சக்கரம் கட்டையின் ஓரத்தில் இறங்கி, இடமும் வலமுமாக நகர்ந்து சீவியது. நான் கோடாலியால் ஒரு நாள் கொத்தும் மரம் கால் மணி நேரத்தில் தூளாகிக் குவிந்தது. நான் மண்வெட்டியால் தூளை இழுத்து ஒதுக்கிக்கொண்டே இருந்தேன். பாதிக் கட்டை தரைமட்டத்துக்கு வந்தது. "என்ன புலவரே, கையெழுத்துக்குப் பேனா இருக்கா?" என்று இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தினான். தூள் நிரம்பிய கூடையைத் தூக்கிக்கொண்டு நான் வேலிப் பக்கம் நான்கடி நகர்ந்தேன்.

அந்த நான்கடிதான் என் காலைக் காப்பாற்றியது.

முதலில் கிரீச்சென்று ஒரு சத்தம், பிறகு இடி. திரும்பிப் பார்த்தால் ஷாஃப்ட் நடுவில் முறிந்து, டிராக்டர் பக்கத்துப் பாதி சுழன்று சுழன்று தரையை அடிக்கிறது. சற்று முன் நான் நின்ற இடத்தில் மண் பிய்ந்து பறக்கிறது. தண்ணீர் டிரம்மில் பட்டு டிரம் கிழிந்தது. அவன் இன்ஜினை நிறுத்துவதற்குள் மெஷினின் கியர் பெட்டி வாய் பிளந்து, கறுப்பு ஆயில் மரத்தூளில் ஒழுகிக்கொண்டிருந்தது.

கட்டைக்குள் ஓர் இரும்புக் கம்பி. எந்தக் காலத்திலோ யாரோ துணிக்கொடி கட்ட அடித்தது. மரம் அதை விழுங்கி வளர்ந்திருக்கிறது.

அவன் இறங்கினான். என் காலைப் பார்க்கவில்லை. மெஷினைப் பார்த்தான்.

"உள்ள இரும்பு இருக்குன்னு சொல்ல வேண்டாமா? ஒரு நல்ல மெஷினை நாசம் பண்ணிட்டீங்களே!"

"நான் நாசம் பண்ணினேனா?"

"உங்க கட்டை, உங்க கம்பி, உங்க மெஷின். நான் குடுத்தாச்சு. எனக்கும் இதுக்கும் இனிமே சம்பந்தம் இல்ல."

அங்கேயே நின்று பேசினால் கை பேசியிருக்கும். மண்ணெண்ணெயும் பழந்துணியும் கொண்டுவந்து அந்த மஞ்சள் மூடியைத் தேய்த்தேன். கிரீஸ் கரைந்தது. ஒவ்வோர் எழுத்தாக வெளியே வந்தது. அவனுடைய சட்டைக் காலரைப் பிடித்துக் குனிய வைத்தேன்.

"படிடா. ஸ்கூலுக்குப் போனவன்தானே. சத்தமா படி."

"விடுங்க மாமா."

"படி!"

"இதில்... உடையும் போல்ட் மட்டும் போடவும்." அவன் குரல் இறங்கிப்போயிருந்தது. ம்-மின் மேல் புள்ளிகூட அழகாக வட்டமாக வைத்திருந்தார் அந்த மனிதர்.

"சக்கரத்துல இரும்பு மாட்டினா அந்தச் சொத்தை போல்ட் உடைஞ்சு போகணும். ரெண்டு ரூபா போல்ட் செத்து மெஷினைக் காப்பாத்தணும். அதுக்குத்தான் அது. நீ சாகாத போல்ட்டைப் போட்டு என்னைச் சாகடிக்கப் பாத்திருக்க."

"சரி, தெரியாம நடந்துபோச்சு. ஆளுக்குப் பாதி நஷ்டம்னு வெச்சுக்கலாம். மாமன் மச்சானுக்குள்ள என்ன..."

அப்போது என் மனைவி வெளியே வந்தாள். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. கிழிந்த டிரம்மையும், மண்ணில் விழுந்திருந்த பள்ளத்தையும், என் செருப்புத் தடத்தையும் வரிசையாகப் பார்த்தாள். பிறகு டிராக்டரில் எட்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அக்கா, சாவி..."

"நாப்பத்து மூவாயிரத்து எழுநூத்தி அம்பது. கொண்டாந்து குடுத்துட்டு எடுத்துட்டுப் போ."

"நாளைக்கு எனக்கு உழவு இருக்குக்கா. அம்மா கேட்டா என்ன சொல்லுவ?"

"எட்டு மாசமா என் வீட்டுக்காரரு கேட்டப்போ அம்மா எங்கடா போனாங்க? நடந்து போ. நடந்தா புத்தி வரும்."

நடந்துதான் போனான். தெருமுனை வரை எங்கள் இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே போனது காதில் விழுந்தது.

மீதிக் கட்டையை நான் கோடாலியாலும் கடப்பாரையாலும் எடுத்தேன். திங்கள் சாயங்காலம் தொடங்கி வியாழன் வரை. ஒவ்வொரு வெட்டும் அவன் முகத்தில் விழுவதாக நினைத்துத்தான் வெட்டினேன். இல்லாவிட்டால் இந்த வயதில் அந்த வேகம் வந்திருக்காது. உள்ளங்கை கொப்புளம் உடைந்து கோடாலிப் பிடி வழுக்கியது. மனைவி பழைய பாவாடைத் துணியைக் கிழித்துச் சுற்றிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கொத்தனார் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது மைத்துனன் வந்தான். மெஷினை எடுத்துப்போகப் பழைய இரும்புக்காரரையும் கூட்டி வந்திருந்தான். யாரிடமோ கடன் வாங்கியிருக்கிறான் என்று நோட்டுகளின் மடிப்பே சொன்னது. சில்லறைதான் அதிகம், வேண்டுமென்றே செய்தானோ என்னவோ. என் மனைவி வாசற்படியில் கொட்டி இரண்டு தடவை எண்ணினாள். சரியாக இருந்தது.

"எழுதிக் குடுங்க" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். "நாளைக்குக் காசு வரலேன்னு சொல்லிடக் கூடாது."

வாசலில் வெயில். உட்கார் என்று நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, ஜன்னல் கட்டையில் வைத்து எழுதினேன். எண்ணில் போட்டால் ஒரு நொடி. நான் எழுத்தில் எழுதினேன். நாற்பத்து மூவாயிரத்து எழுநூற்று ஐம்பது. இரண்டாம் வகுப்புப் பையனைவிட நிதானமாக, ஒவ்வொரு புள்ளியையும் வட்டமாக வைத்து. நடுவில் பேனா மக்கர் செய்தது; உதறி உதறி எழுதினேன். அவன் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றான். இரும்புக்காரர் லாரியிலிருந்து ஹார்ன் அடித்தார்.

"முடிஞ்சுதா?"

"முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு திரும்பினான்.

"டேய், நில்லு" என்றேன். "தேதி போடல. குடு இங்க."