எல்லாக் கதவுகளும் வெளியே திறந்தன

1

இந்தக் கதை ஒரு கழிப்பறைக் கதவிலிருந்து பிறந்தது. சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. கோயில் வாசல், ஆற்றங்கரை என்று கௌரவமான இடங்களில் பிறக்கும் கதைகள் எத்தனையோ உண்டு. எனக்கு வாய்த்தது இது.

நாமக்கல்லில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் என் மனைவியைச் சேர்த்திருந்தோம். ஒரு நாள் காலையில் கழிப்பறைக்குள் போனவள் மயங்கிக் கதவின் மேலேயே சரிந்துவிட்டாள். கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்திருந்தால் விழுந்த உடம்பே அதற்கு முட்டுக் கொடுத்திருக்கும். தள்ளத் தள்ள அவளைத்தான் நசுக்கியிருக்கும். அந்தக் கதவு வெளிப்பக்கம் திறந்தது. நர்ஸ் வெளியிலிருந்தே தாழைத் திருகி, தன் பக்கம் இழுத்து, சாய்ந்து வந்தவளைக் கையில் தாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது சமையலறையில் மிக்சி ஓடுகிறது. ஓட்டுகிறவள் அவள்தான்.

ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தினோம். கடவுளுக்குச் சொல்ல வேண்டிய நன்றியைச் சொல்லியாயிற்று. ஆனால் அவர் எந்தக் காரியத்தையும் யாராவது ஒரு மனிதர் கையால்தானே செய்விக்கிறார்? அந்தக் கை யாருடையது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். நர்ஸிடமே கேட்டேன்.

“அந்தக் கதவுங்களா? கம்ப்யூட்டர்ல வரைஞ்ச புள்ள ஒண்ணு கை தவறிப் பண்ணிப்போட்டதாமுங்க. நல்லதாப் போச்சு, போங்க!”

சிரித்துக்கொண்டே அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். என்னிடம் இருக்கும் உண்மை இந்த ஒரு வாக்கியம்தான். இனி வருவதெல்லாம் நான் கட்டியது. ஆட்களும் ஊர் வழிகளும் உட்பட.

2

முதல் தொடக்கம்: ‘அயோத்தியாப்பட்டணத்தில், ஆத்தூர் சாலையைப் பார்த்த மாடி அலுவலகத்தில், பிரவீனாவின் விழிகளில் ஏதோ ஒரு’

(இங்கேயே நிறுத்திவிட்டேன். கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவளின் விழிகளைக் கணினிதான் பார்க்க முடியும். நான் எங்கிருந்து பார்த்தேனாம்?)

இரண்டாவது தொடக்கம்: ‘பிரவீனா ஒரு ஆஸ்பத்திரியைக் கட்டி முடித்துவிட்டு டீ குடிக்கப் போனாள்.’

இது எனக்குப் பிடித்தது. பொய்யும் இல்லையாம். என் தங்கை மகன் கவின் சேலத்தில் இதே வேலைதான் பார்க்கிறான். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடு வந்து எனக்குப் பாடம் நடத்தினான். செங்கல் அடுக்குவதற்கு முன்னால் கட்டடம் முழுவதையும் கணினிக்குள் கட்டிவிடுகிறார்கள். அங்கே கதவு என்பது வெறும் கோடு இல்லை. கதவைத் தொட்டால் பக்கத்தில் ஒரு பட்டி விரிகிறது. அகலம், உயரம், என்ன பொருள், எந்தப் பக்கம் திறக்கும், தீயை எவ்வளவு நேரம் தாங்கும் என்று அந்தக் கதவின் பண்புகள் எல்லாம் அதில் இருக்கின்றன. கதவு செய்யும் பட்டறைக்காரர் படத்தைக்கூட அதிகம் பார்ப்பதில்லை. இந்தப் பண்புகளிலிருந்து வரும் அட்டவணையைப் பார்த்தே இரும்பை வெட்டுகிறார்.

“இதுல ரெண்டு சாதி இருக்குதுங்க மாமா,” என்றான் கவின். “டைப்புல மாத்துனா அந்த வகைக் கதவு அத்தனையும் மாறிப்போயிரும். தனியா மாத்துனா தொட்ட கதவு மட்டும்தான் மாறும்.”

“அப்ப கருணைன்னு ஒரு பண்பு சேத்துக்கலாமாடா?”

“சேத்தலாங்க. பட்டறையில இருந்து போனு வரும், அது எத்தனை மில்லிமீட்டர்னு.”

3

கதைக்கு வருகிறேன்.

பிரவீனா குமாரபாளையத்துப் பெண். சேலத்தில் விடுதியில் தங்கியிருக்கிறாள். வேலையில் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஆகிவிட்டால் சேலத்திலேயே இருக்கலாம். ஆகாவிட்டால் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும் என்று அண்ணனோடு ஒப்பந்தம். அவளுக்கு இந்த வேலை பிடித்திருந்தது. இல்லாத கட்டடத்துக்குள் நடந்து போய் விளக்கு எங்கே, கைப்பிடி எங்கே என்று பார்ப்பது அவளுக்குச் சலிக்கவே இல்லை.

அந்த நாமக்கல் மருத்துவமனைக்கு எழும்பும் புதுக் கட்டடம் அப்போது அவள் கையில் இருந்தது. ஒரு நாள் அங்கே தலைமை நர்ஸாக இருக்கும் சென்னியம்மாளிடமிருந்து ஒரு கோரிக்கை வந்தது. டயாலிசிஸ் வார்டில் இருக்கும் கழிப்பறைக் கதவு மட்டும் வெளிப்பக்கம் திறக்கட்டும். பழைய கட்டடத்தில் ஒருவர் உள்ளே விழுந்து, கதவைத் திறக்க முடியாமல் பெரும்பாடு பட்டுவிட்டார்கள்.

ஒரே ஒரு கதவு. பிரவீனா அதைத் தொட்டாள், பட்டியைத் திறந்தாள், ‘உள்ளே’ என்றிருந்ததை ‘வெளியே’ என்று மாற்றினாள். டீ குடிக்கப் போனாள். அவள் மாற்றியது டைப்பில். ஆஸ்பத்திரியின் அத்தனை கழிப்பறைக் கதவுகளும் சத்தமில்லாமல் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டன.*

அவள் வேலையை மேற்பார்க்கும் நவநீதகிருஷ்ணன் சரிபார்த்ததாகக் குறி போட்டார். அட்டவணை ராசிபுரத்தில் கதவுப் பட்டறை வைத்திருக்கும் செங்கோட்டையனுக்குப் போயிற்று.

(* கவினின் ஆட்சேபம்: “திறக்கற பக்கத்தை அந்தந்தக் கதவுலயே திருப்பிக்கறதுதானுங்க வழக்கம். எவன் அதை டைப்புல வெப்பான்?” நான் முழித்தேன். அவனே இரக்கப்பட்டு, “சரி, பட்டறைக்குச் சுளுவா இருக்கட்டும்னு இந்த ஆபீஸ்ல டைப்புல வெச்சிருக்கறாங்கன்னு எழுதிக்குங்க,” என்றான். எழுதிக்கொண்டேன்.)

4

இங்கே என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரவீனா கதவுக்குச் செய்ததை நான் மனிதர்களுக்குச் செய்திருந்தேன். நன்றி நிறைந்த மனத்தோடு எழுத உட்கார்ந்தேனா, ‘நல்லவர்’ என்பதை மொத்தமாக எல்லார் மேலும் போட்டுவிட்டேன். முதல் பிரதியில் நவநீதகிருஷ்ணன் ‘பரவாயில்லம்மா’ என்று புன்னகைத்தார். முதலாளி சிவபிரகாஷ் புன்னகைத்தார். டீக்கடைக்காரர்கூட ஒரு பக்கம் புன்னகைத்துக்கொண்டு நின்றார்.

“மாமா, எந்த ஊரு ஆபீஸ் இது? சொல்லுங்க, நாளைக்கே போய்ச் சேந்துக்கறேன்,” என்றான் கவின்.

ஆகவே ஒவ்வொருவராகத் தொட்டு மாற்றி வருகிறேன். நவநீதகிருஷ்ணன் சரிபார்க்காமலே குறி போட்டவர். சிவபிரகாஷ், தப்பு வருவதைப் பொறுத்துக்கொள்வார்; அது அலுவலகத்தைத் தாண்டி வெளியே போவதைப் பொறுக்கவே மாட்டார். சேர்ந்த அன்றே பிரவீனாவிடம் இதைச் சொல்லியிருக்கிறார். டீக்கடைக்காரரை எடுத்துவிட்டேன்.

5

மறுநாள் மத்தியானம் பிரவீனா வேறு எதற்கோ அந்தத் தளத்தைத் திறந்தபோது பார்த்தாள். எல்லாக் கதவுகளும் ஒரே மாதிரி, வெளியே.

திருப்பி மாற்ற ஒரு நொடி போதும். யாருக்கும் தெரியாது. ஆனால் பட்டறைக்கு அட்டவணை போய்விட்டது. இப்போது இங்கே சத்தமில்லாமல் மாற்றிவிட்டால், கதவுகள் வந்து இறங்கும் நாளில் கணினி ‘உள்ளே’ என்று சொல்லும், இரும்பு ‘வெளியே’ என்று சொல்லும். அன்று எல்லாரும் செங்கோட்டையனைப் பார்த்துத்தான், “ஒழுங்காப் படிக்க மாட்டீங்களா?” என்பார்கள். அவர் வேலையை ஆரம்பித்ததும் அட்டவணையைக் கசக்கிப் போட்டுவிடுகிற ஆள் என்பது அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்; எடுத்துக் காட்ட அவரிடம் காகிதம் இருக்காது.

சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால், அவள் முகம் பார்த்திராத ஒரு மனிதர் மேல் பழி விழும்.

இந்த இடத்தில் அவளைச் சத்தமில்லாமல் மாற்ற வைத்து எழுதிப் பார்த்தேன். ‘பிரவீனா சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு மெல்ல’

(அடித்துவிட்டேன். அவள் செய்ய மாட்டாள் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? சொல்ல முடியாதுதான். ஆனால் அந்த நர்ஸ் என் மனைவியைக் கையில் தாங்கிய காட்சி என் கண் முன்னால் நிற்கும்போது என் பேனா அந்தப் பக்கம் போகவில்லை. வாசகர் பொறுத்தருள வேண்டும்.)

அவள் எழுந்து நவநீதகிருஷ்ணனின் மேசைக்குப் போனாள்.

“சார், டைப்புல மாத்திப்போட்டனுங்க.”

“எதை?”

“டாய்லெட் கதவுங்க. எல்லாமே வெளிய தொறக்குது.”

அவர் எழுந்து வந்து பார்த்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது. “ஏம்மா, கண்ணத் தொறந்துக்கிட்டுத்தான் பண்ணுனியா? ஒண்ணை மாத்தச் சொன்னா ஊரையே மாத்தி வெச்சிருக்கற! அடுத்து என்ன, ஆஸ்பத்திரி வாசலையும் கொல்லைப்பக்கம் திருப்பறதுதானே?” கத்தி முடித்த பிறகுதான் தான் போட்ட குறி அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். “நானும் பாக்காமத்தான் ஓகே போட்டேன்,” என்றார். பிறகு சாவியை எடுத்தார். “வா. பட்டறைக்குப் போலாம். போனுல சொன்னா அந்த ஆளு ‘சரிங்க சரிங்க’ன்னுட்டு பாதியத்தான் கேப்பாரு.”

6

ராசிபுரத்தில் செங்கோட்டையன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். பாதி அல்ல, முழுவதும் கேட்டார்.

“ஏனுங்க, இதைச் சொல்லவா இத்தனை தூரம் வந்தீங்க?”

“உங்க மேல தப்பு வந்துரக்கூடாதுங்களே,” என்றாள் பிரவீனா.

அவர் அவளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். “எம்மேல தப்புப் போடறதுக்குன்னு வரிசையில ஆளு நிக்குதுங்க அம்மிணி. வராம இருக்கோணும்னு வந்தது நீதான்.” உள்ளே திரும்பிக் கத்தினார். “டேய், கீலு வெக்கறதை நிறுத்துங்கடா!” பிறகு இவர்கள் பக்கம் வந்தார். “கொஞ்சத்துக்குத்தானுங்க கீலு வெச்சாச்சு. மத்ததெல்லாம் வெறுஞ் சட்டமாக் கெடக்குது. ஆஸ்பத்திரியில என்ன சொல்றாங்கன்னு கேட்டுப்போட்டு வாங்க. அதுவரைக்கும் தொட மாட்டேன்.”

அங்கிருந்து நேரே நாமக்கல் போனார்கள். சென்னியம்மாள் பழைய கட்டடத்திலிருந்து வேகமாக வந்தார். பிரவீனா வாயைத் திறப்பதற்குள் நவநீதகிருஷ்ணன் முந்திக்கொண்டார். “எங்க ஆபீஸ்ல தப்பாயிருச்சுங்க.” அவள் பெயரைச் சொல்லவில்லை. வழி நெடுகத் திட்டிக்கொண்டு வந்த மனிதர். இதை நான் முதலில் திட்டமிடவில்லை. எழுதிக்கொண்டு வரும்போது அவராகவே இப்படிச் சொன்னார்.

சென்னியம்மாள் விஷயம் முழுவதையும் கேட்டார். மருந்துத் தட்டை மேசையில் வைத்தார்.

“எல்லாக் கதவுமேங்களா?”

“ஆமாங்க.”

“நானு எல்லாக் கதவுக்குந்தானுங்க கேக்கலாம்னு இருந்தேன். எந்த ரூமுல எந்தச் சாமி உழுகும்னு யாருக்குத் தெரியும்? அத்தனையும் மாத்துங்கன்னு சொன்னா, ‘இந்தம்மாவுக்குப் பேராசை’ம்பாங்களோன்னு போட்டு, ஒண்ணே ஒண்ணு கேட்டேன்.”

நம் பக்கத்து மனிதர்களின் வழக்கம் இது. வேண்டியதைப் பாதியாக, பாதியையும் கால்வாசியாகக் குறைத்துக்கொண்டு, அதையும் மன்னிப்புக் கேட்கிற தொனியில் கேட்பார்கள். கொடுக்கும் இடத்தில் இருப்பவர், கேட்டதற்கு மேலே கொஞ்சம் ஊகித்துக் கொடுத்தால்தான் உண்டு. ஊகித்துக் கொடுக்க யாரும் இல்லாத அன்று, கை தவறியாவது நடக்கட்டும் என்று மேலே இருப்பவர் விட்டுவிடுகிறாரோ என்னவோ. (இந்த வாக்கியத்தை வைப்பதா எடுப்பதா என்று தெரியவில்லை. நம்புகிறேன் என்பதால் வைக்கிறேன்.)

ஆனால் எல்லாக் கதவையும் அப்படியே விட்டுவிடவும் முடியாது. மூன்று பேரும் பாதி கட்டிய புதுக் கட்டடத்துக்குள் அறை அறையாக நடந்தார்கள். இங்கே கதவு வெளியே வந்தால் படுக்கையில் இடிக்கும். அங்கே வழியில் நீட்டிக்கொள்ளும், ஸ்ட்ரெச்சர் போகாது. அப்படிப்பட்ட இடங்களில் உள்ளேயே திறக்கட்டும், ஆனால் வெளியிலிருந்து கழற்றி எடுக்கிற மாதிரி கீல் இருக்கட்டும் என்று சென்னியம்மாள் சொன்னார். வாசலுக்கு வாசல் பிரவீனா நின்றாள். ஒவ்வொரு கதவிலும் ‘இதன் உள்ளே யார் விழுவார்?’ என்று கேட்டுக்கொண்டாள். கணினியில் ஒரே அடியில் திரும்பியவற்றை இப்போது ஒன்றொன்றாகத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. அறக்கட்டளைக்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

7

திரும்பும் வழியில் நவநீதகிருஷ்ணன், “சார்கிட்ட நீயே சொல்லீரு பிரவீனா,” என்றார். அவருடைய தைரியம் நாமக்கல்லிலேயே தீர்ந்துவிட்டது. ஆனாலும் அங்கே அது இருந்தது, அதற்கு நன்றி.

ஆக, தப்பு வெளியே போய்விட்டது. சிவபிரகாஷ் பொறுக்காத அந்த ஒன்று நடந்துவிட்டது. அவள் அவருடைய அறைக்கு முன்னால் நிற்கிறாள். எனக்கு முன்னால் இரண்டு முடிவுகள் இருக்கின்றன.

ஒன்று: அவர் பாராட்டி வேலையை நிரந்தரம் ஆக்குகிறார். எழுதிப் பார்த்தேன். பலன் நல்லதாக முடிந்துவிட்டால் கவனக்குறைவு தப்பே இல்லை என்று அது சொல்வது போல் இருந்தது. நாளைக்கே யாரோ ஒருவருக்குக் கதவில் இல்லாமல் தூணில் கை தவறலாம்.

இரண்டு: அவர் அனுப்பிவிடுகிறார். அவள் குமாரபாளையத்துக்குப் பஸ் ஏறி, ஜன்னலோரத்தில்

(முடியவில்லை. சமையலறையிலிருந்து, “காப்பி வேணுமா?” என்று குரல் வருகிறது. இந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே அந்தப் பெண்ணைப் பஸ் ஏற்ற என்னால் ஆகாது.)

யோசித்துப் பார்த்தால், இந்த முடிவை எழுதும் தகுதியே எனக்கு இல்லை. நான் நன்றிக்கடன் பட்டவன். அவளுக்கு எது கொடுத்தாலும் கைம்மாறு செய்வதாகத்தான் ஆகும், நியாயம் ஆகாது. உங்களுக்கு அவள் எதுவும் செய்யவில்லை. உங்கள் வீட்டார் யாரையும் அந்தக் கதவு காப்பாற்றவில்லை. கவனமில்லாமல் ஒரு தப்பைச் செய்தாள், யாரும் கேட்காமல் அதை ஒப்புக்கொண்டாள் என்பது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். தீர்ப்புச் சொல்ல அதுதான் சரியான தூரம். ஆகவே எழுந்து வாருங்கள். சிவபிரகாஷின் நாற்காலியை உங்களுக்குக் காலி செய்து தருகிறேன்.

“உள்ள வரலாங்களா சார்?”

வந்துவிட்டாள். துப்பட்டா நுனியில் ராசிபுரத்துத் துரு ஒட்டியிருக்கிறது. என்ன சொல்வது என்று நிதானமாக யோசியுங்கள், அவசரம் இல்லை. ஆனால் மத்தியானத்திலிருந்து அவள் நின்றுகொண்டேதான் இருக்கிறாள். முதலில் உட்காரச் சொல்லுங்கள்.