தீயில்லாத அடுப்பு

வலிப்பு வந்து அடுப்பின்மேல் சாய்ந்ததில் அக்காவின் முன்கை வெந்துபோனது. புண் ஆறியது, ஆனால் தங்கை அவளை அடுப்பங்கரைப் பக்கமே விடவில்லை. மருந்துக்கடை வேலைக்குப் போகும் முன்பே தங்கை எல்லாம் சமைத்து வைத்துவிடுவாள். அக்கா மதியம் அதை ஆறிப்போனபடியே சாப்பிடுவாள். வீட்டுக்கே வாய்க்கு ருசியாக ஆக்கிப் போட்டவள், விருந்தாளி மாதிரி தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பாள்.

தங்கையின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசாதவர். ஒருநாள் அவர் ஒரு மைக்ரோவேவைத் தூக்கிக்கொண்டு வந்தார். சூடான பாத்திரத்தை எடுக்கும்போது வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று தங்கை மல்லுக்கு நின்றாள். அவர் சுவரில் தாழ்வாக ஒரு பலகை அடித்து அதில் அந்த மைக்ரோவேவ் அடுப்பை வைத்தார். எதிரே கைவைத்த நாற்காலியைப் போட்டார்.

"சத்தம் வந்ததும் எடுக்காதீங்கக்கா. கொஞ்ச நேரம் உள்ளயே இருக்கட்டும்" என்றார்.

முதல் வாரம் மானம் போனது. சோறு ஓரத்தில் கொதித்தது, நடுவில் சில்லென்று இருந்தது, இன்னொரு நாள் சரளைக்கல்லாகக் காய்ந்தது. ஓட்டோடு வைத்த முட்டை உள்ளேயே வெடித்தது. அக்கா துடைத்து எடுத்தாள், தங்கையிடம் மூச்சு விடவில்லை. பிறகு கை பழகியது. சோற்றில் தண்ணீர் தெளித்து, நடுவில் குழி விட்டுப் பரப்பி, மூடி வைத்தாள். சூட்டைப் பாதியாகக் குறைத்தாள். இடையில் நிறுத்திக் கிளறினாள். அடுப்பு நின்ற பிறகும் சாப்பாடு தன் சூட்டிலேயே வேகிறது என்பது அவளுக்குப் பிடிபட்டது. பாத்திரமும் அதற்குள் கை பொறுக்கும் அளவுக்கு ஆறியிருக்கும்.

ஒரு மதியம் தங்கை காய்ச்சலோடு வந்து படுத்தாள். அக்கா உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் பொடியாக நறுக்கி வேகவைத்து மசித்தாள். பால் விட்டு, மிளகு தூவி, மறுபடி இளஞ்சூட்டில் வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து பொறுமையாகக் காத்திருந்து கிண்ணத்தைக் கொண்டுபோனாள்.

தங்கை ரெண்டு வாய் குடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உப்பு கம்மியா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் அழறே?"

"ஜலதோஷம்" என்றாள் தங்கை. கிண்ணம் காலியாகும்வரை அவள் நிமிரவில்லை.

சில மாதம் கழித்து அக்காவுக்கு மறுபடி வலிப்பு வந்தது. அடுப்பு ஓடிக்கொண்டிருந்தபோதே, நாற்காலியில் இருந்தபடியே. அடுப்பு தானாக நின்றது. அப்போதுதான் வேலை முடிந்து வந்த மெக்கானிக் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பக்கத்திலேயே இருந்தார். அவளுக்கு எங்கும் காயமில்லை. நினைவு தெளிந்ததும், கீரை குழைந்துவிட்டதா என்று அவரிடம் கேட்டாள். தங்கை வந்து விஷயம் தெரிந்ததும் அக்காவின் முன்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதோடு சமையல் முடிந்தது என்றே அக்கா நினைத்தாள்.

மறுநாள் காலை தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் கொஞ்சம் நின்றாள்.

"ராத்திரிக்கு என்ன பண்ணப்போறே, அக்கா?"

யோசித்துச் சொல்வதாக அக்கா சொன்னாள்.