மூடிமேல் பதித்த கல்

நகர மண்டபம் எரிந்த ஐந்தாம் நாள் இரங்கல் கூட்டம் போட்டார்கள். நூற்றெண்பது வருடக் கட்டடம், தேக்குக் கூரை. அதற்குள் ஒரு நாளும் எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் முன்வரிசையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். மைக்கைப் பிடித்த நகராட்சி இன்ஜினியர், எல்லாம் விதி என்று சொல்லி மூன்று முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கொத்தனார் மனைவியோடு கடைசியில் நின்றார். அவர்கள் கல்யாணத்தைப் பதிவு செய்தது அந்த மண்டபத்து மாடியில்தான். அழுது அழுது அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"தீயணைப்பு வண்டி சீக்கிரமாத்தான் வந்துச்சாம். வண்டிக்குத் தண்ணி எடுக்கிற குழாயோட மூடியைத்தான் காணோமாம். எவனோ மேல கல்லைப் பதிச்சு மறைச்சிருக்கான். அவன் நல்லா இருப்பானா?" என்றாள்.

அந்த எவனோ கொத்தனார்தான். போன வருடம் மண்டபத்து முற்றத்தைப் புதுப்பித்தபோது, "மூடி கண்ணை உறுத்துது, மேலயே கல்லைப் பதிச்சிடு" என்றார் இன்ஜினியர். "தீப்பிடிச்சா வேணுமே சார்" என்று இவர் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. பிறகு வேலையில் இறங்கி, ஊசி நுழைய இடமில்லாமல் பதித்துக் கொடுத்தார். தீப்பிடித்த அன்று ஓடிவந்து இடத்தைக் காட்டிக் கடப்பாறை போட்டவரும் அவரே. கல் அசைந்தால்தானே? அரைகுறை வேலைக்காரனாக இருந்திருந்தால் பாதிக் கூரையாவது மிஞ்சியிருக்கும். இதை மனைவியிடம் சொல்லத்தான் ஐந்து நாளாக அவருக்கு வாய் வரவில்லை.

கூட்டம் கலைந்ததும் இன்ஜினியர் நேராக அவர்களிடம் வந்தார்.

"நினைவுக்கல் ஒண்ணு வைக்கணும்யா. முற்றத்துல நீ பேத்த இடம் பல்லிளிச்சுக்கிட்டு நிக்குது, அங்கயே வச்சிரு. போன தடவை மாதிரியே கச்சிதமா இருக்கணும்."

மனைவி சட்டென்று கொத்தனார் பக்கம் திரும்பினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் அவர் இன்ஜினியரிடமே கேட்டார்.

"திரும்பவும் மூடி மேலயா சார்?"

"இனிமே எரியறதுக்கு இங்க என்னய்யா இருக்கு?" என்றபடி இன்ஜினியர் காரைப் பார்த்து நடந்தார்.

அவள் அந்தப் பேர்த்த இடத்தை எட்டிப் பார்த்தாள்.

"பேக்க எவ்வளவு நேரமாச்சு?"

"நாப்பது நிமிஷம்."

"அவ்வளவு நல்லாவா பதிச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் தனியாக வீட்டுக்கு நடந்தாள்.