மெழுகு ரூமில் விருந்தாளிகள்

ராஜபாளையத்தில் என் பட்டறையில் பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரமான இம்பெல்லரை வார்க்கிறோம். முதலில் மெழுகில் உருவம் செய்வோம். அதன்மேல் பீங்கான் குழம்பும் மணலுமாக மாற்றி மாற்றிப் பூசிக் காயவைத்தால் கூடு ஆகிவிடும். உள்ளே இருக்கும் மெழுகை உருக்கி வடித்துவிட்டு, கூட்டைச் சுட்டு, எஃகை ஊற்றுவோம். மெழுகு கோணினால் எஃகும் கோணல்தான். அதனால் மெழுகு ரூமுக்கு மட்டும் ஏ.சி. உண்டு. அந்த ரூம் என் மகள் கிருபாபாயின் பொறுப்பு.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் மே மாதம் அவளைப் பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தார்கள். பையன் பொன்னுராஜ், அவன் தாயார் செல்லத்தாய், பெரியப்பா தேவநேசன், இன்னும் சில சொந்தக்காரர்கள். அவர்கள் உட்காரவும் வீட்டில் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. தேவநேசன் துண்டால் விசிற ஆரம்பித்தார்.

வந்தவர்களை வியர்க்கவிட்டு அனுப்பினார்கள் என்று எங்கள் குடும்பத்தை யாரும் சொன்னதில்லை. பட்டறையில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரையும் மெழுகு ரூமுக்கு அழைத்துப் போனேன்.

"அப்பா, அங்க வேண்டாம்பா" என்றாள் கிருபாபாய். நான் பார்த்த பார்வையில் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

உள்ளே தேவநேசன் சுகமாகக் காலை நீட்டினார். காப்பி வந்தது, முறுக்கு வந்தது. கதவு திறந்து திறந்து மூடியது. பட்டுச்சேலையில் நின்ற என் மகள் யாரையும் பார்க்கவில்லை. சுவரிலிருந்த தெர்மாமீட்டரையே பார்த்தாள்.

"பொண்ணுக்கு ரொம்ப வெக்கமோ?" என்றார் செல்லத்தாய்.

"வெக்கமில்ல அத்தை. இம்புட்டு பேரு இருந்தா ரூம் சூடாயிரும். மேஜைல இருக்கிற மெழுகெல்லாம் சாஞ்சிரும். செத்த நேரம் எல்லாரும் வெளிய இருக்கியளா?"

தேவநேசன் டம்ளரை ணங்கென்று வைத்தார். "ஏன் அண்ணாச்சி, உங்க வீட்டுல மெழுகுக்கு உள்ள மரியாதை மனுசனுக்குக் கிடையாதோ?"

நல்ல சம்பந்தம். மகளை ஓர் அதட்டல் போட்டால் நிலைத்துவிடும். மேஜையைப் பார்த்தேன். ஓர் இம்பெல்லரின் இதழ் லேசாகத் துவண்டிருந்தது. என் பட்டறையிலிருந்து போன சரக்கு கோணல் என்று இன்றுவரை திரும்பியதில்லை. அந்தப் பெயரைத்தான் அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

முதல் ஆளாக எழுந்தேன். "எனக்கும் கிடையாது, அண்ணாச்சி. இந்த ரூமுக்குள்ள அவ வச்சதுதான் சட்டம். வாங்க, வேப்பமரத்தடிக்குப் போவோம்."

பொன்னுராஜ் அதற்குள் கதவருகே போய் நின்றிருந்தான்.

செல்லத்தாய் விழுந்து விழுந்து சிரித்தார். "எந்திரிங்க அத்தான். நம்ம வீட்டுல அம்புட்டு பேரும் அடுப்புல பால வச்சிட்டு ஊர்க்கதை பேசுத ஆளுக. இப்படி ஒருத்தி வரட்டும்."

மரத்தடியில் அனல் அடித்தது. நுங்கு வெட்டச் சொன்னேன். தின்னத் தின்ன தேவநேசனின் முகம் இளகியது. கடைசியில், "பொண்ணக் கூப்பிடுங்க, ஜெபம் பண்ணி முடிச்சிருவோம்" என்றார்.

சொல்லி அனுப்பினோம். சாய்ந்த மெழுகை ஒதுக்கிவிட்டு வருகிறேன் என்று பதில் வந்தது. தேவநேசன் இன்னொரு நுங்கு கேட்டுக்கொண்டு காத்திருந்தார்.

மாப்பிள்ளை வீட்டாரை மரத்தடியில் காக்கவைத்தோம் என்று பிற்பாடு சொந்தத்தில் பேச்சு வந்தது. ஆமாம், காக்கவைத்தோம் என்றுதான் சொன்னேன்.